டிராக்டருக்கு டீசலை எதில் கொண்டுவருவது, எப்படிச் சேர்த்துவைப்பது?

கேள்வி: புது ஓட்டுநர்

எல்லோருக்கும் வணக்கம். 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன், கைமாறி வந்த பழைய வண்டிதான். பங்க் வயலிலிருந்து நல்ல தூரம். டிராக்டரையே ஓட்டிப்போய் நிரப்பி வந்தால், போகவர எரிகிற டீசலைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. இப்போதைக்கு 20 லிட்டர் கேன்களில் வாங்கி வந்து ஓட்டுகிறேன். உழவு நேரத்தில் இது பற்றவில்லை. பாதி வயலில் டீசல் தீர்ந்து வண்டி நின்றுபோய், டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றத் தெரியாமல் ஆள் தேடி அலைந்ததும் உண்டு.

அதனால் கொட்டகையில் கொஞ்சம் டீசல் சேர்த்துவைக்கலாம் என்று யோசனை. சில சந்தேகங்கள்.

கொட்டகையில் தண்ணீருக்காக வாங்கிப்போட்ட 500 லிட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தொட்டி சும்மா கிடக்கிறது. அதைக் கழுவிவிட்டு டீசலுக்கு வைத்துக்கொள்ளலாமா? இல்லை, 200 லிட்டர் பேரல் இரண்டு வாங்குவது நல்லதா? டீசல் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? கேன்களை வண்டியில் ஏற்றி வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பக்கத்து வயல்காரர், "டீசல் என்ன பெட்ரோலா, தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும், பயப்படாதே" என்கிறார். அது உண்மையா?

பதில்: ஏர்முனை

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பழைய பேரல் ஒன்று வாங்குங்கள், மேலே கைப்பம்பை மாட்டுங்கள், வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் காலங்காலமாக அப்படித்தான். டீசல் கெட்டுப்போனதாக நான் பார்த்ததே இல்லை. பேரலுக்குக் கொட்டகையில் இடம் இல்லாவிட்டால் வெளியே மரத்தடியில் நிற்கவையுங்கள், இரும்புதானே, மழை என்ன செய்யும்?

பதில்: நாசில் பட்டறை

மழை என்ன செய்யும் என்பதற்குப் பதில் என் பட்டறை மேசையில் வரிசையாகக் கிடக்கிறது. இஞ்சினுக்கு டீசலை அழுத்தித் தள்ளுகிற பம்பும், அதை உள்ளே தூறலாகத் தெளிக்கிற நாசிலும் பிரித்துச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. டிராக்டர் பம்பைப் பிரித்தால் பாதி நேரம் உள்ளே துருதான் இருக்கும். துரு வந்திருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, "பங்க்கில் கலந்து ஊற்றிவிட்டான்" என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் வீட்டிலேயே, தாங்களே அறியாமல், தண்ணீரைச் சேர்த்துக்கொண்டவர்கள்.

ஏர்முனை சொன்ன மரத்தடி பேரலையே எடுத்துக்கொள்வோம். நிற்கிற பேரலின் மேல்தட்டைச் சுற்றி உயர்ந்த விளிம்பு இருக்கிறது. மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும், இரண்டு மூடிகளும் அதில் மூழ்கிக் கிடக்கும். பகலில் வெயில் பட்டதும் உள்ளே இருக்கிற காற்றும் டீசலும் விரிந்து, மூடியின் இடுக்கு வழியாகக் காற்று வெளியே போகும். ராத்திரி குளிர்ந்ததும் உள்ளே சுருங்கி, வெளியே இருப்பதை இழுக்கும். வெளியே இருப்பது தேங்கிய மழைநீர். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் பழையதாக இருந்தால் இந்த இழுப்பு நடக்கும். மழையே பெய்யாவிட்டாலும், பாதி காலியான பேரலுக்குள் ஈரக்காற்று புகுந்து, ராத்திரியில் இரும்புச் சுவரில் துளித்துளியாக வேர்த்து, வழிந்து அடியில் சேரும். குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்புக்கு வெளியே வேர்க்கிற மாதிரி, இங்கே உள்பக்கம் வேர்க்கிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம், எப்போதும் அடியில்தான் உட்காரும். அது அங்கேயே கிடந்தால் தொல்லையில்லை. உங்கள் குழாயின் நுனியும் அடியில் இருப்பதால்தான் தொல்லை.

தண்ணீர் நாசிலில் என்ன செய்யும்? பம்புக்குள் டீசலைத் தள்ளுகிற தண்டான பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே எண்ணெய்ப்பசை கொடுப்பது டீசல் மட்டுமே, வேறு ஆயில் கிடையாது. தண்ணீர் வந்தால் பசை போய் உலோகமும் உலோகமும் உரசும். நாசில் நுனிக்கு வந்தால் அந்தச் சூட்டில் சட்டென்று ஆவியாகி நுனியையே உடைத்துவிடும். பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டி 200 பார் அழுத்தத்தில் தெளிக்கிறது, கொஞ்சம் பொறுத்துப்போகும். புதிதாக வருகிற காமன் ரயில் வண்டியில், அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற வகையில், அழுத்தம் 1600 பாரைத் தாண்டும். அது பொறுக்காது. உங்களுடையது பழைய வண்டி என்பது ஒருவகையில் உங்கள் அதிர்ஷ்டம்.

தண்ணீர் இருக்கும் இடத்தில் இன்னொன்றும் வளரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கிற அந்த மெல்லிய கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறி, டீசலைத் தின்று, தண்ணீரில் வாழும். கறுப்பாக, வழவழவென்று, சவ்வு மாதிரி ஃபில்டரில் ஒட்டிக்கொண்டு வரும். புது ஃபில்டர் மாட்டியும் கொஞ்ச நாளில் வண்டி திணறுகிறது என்று வருகிறவர்களின் ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் இதுதான். மருந்து ஊற்றிக் கொல்லலாம், ஆனால் செத்த சவ்வும் ஃபில்டரைத்தான் அடைக்கும். தண்ணீரை இறக்கிவிட்டால் அது பிழைக்க வழியில்லை. இப்போது பல இடங்களில் டீசலில் தாவர எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசலும் கொஞ்சம் கலந்து வருகிறது. அது சுத்த டீசலைவிட அதிகமாக ஈரம் இழுக்கும், சீக்கிரம் கெடும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஜி.ஐ. தொட்டி வேண்டவே வேண்டாம். அதன் உள்பூச்சு துத்தநாகம். டீசல் பழசாகும்போது உண்டாகிற அமிலங்களோடு துத்தநாகம் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பொருளாகி டீசலிலேயே கரைந்து வரும். ஃபில்டர் அதைப் பிடிக்காது, போய் நாசில் நுனியில் படியும். கழுவினாலும் பயன் இல்லை, பூச்சு அங்கேயேதான் இருக்கும். தண்ணீர்த் தொட்டியைத் தண்ணீருக்கே வைத்துக்கொள்ளுங்கள். டீசலுக்குச் சாதாரண இரும்பு, அலுமினியம், எரிபொருளுக்கென்றே செய்த கெட்டி பாலிஎத்திலீன் எல்லாம் சரி. தாமிரக் குழாய் போட்டு இணைக்காதீர்கள், தாமிரம் பட்டால் டீசல் சீக்கிரம் பிசின் கட்டும். ஹோஸும் சும்மா கிடைக்கிற தோட்டக் குழாயாக இருக்கக் கூடாது. சாதாரண ரப்பர் டீசலில் ஊறி உப்பி, உள்ளே உதிரும். நைட்ரைல் ரப்பர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

எத்தனை நாள் தாங்கும்? சுத்தமாக, ஈரமில்லாமல், 20 டிகிரிக்குள் வைத்தால் ஒரு வருடம். 30 டிகிரிக்கு மேல் காய்கிற இடத்தில் ஆறு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வரக் கூடாது என்பேன். 45 குதிரைத்திறன் வண்டி முழுச் சுமையில் இழுத்தால் மணிக்கு 10 லிட்டர் வரை குடிக்கும், நடுத்தர வேலையில் 4 முதல் 6 லிட்டர். உழவு மும்முரத்தில் ஒரு 200 லிட்டர் பேரல் வேகமாகக் காலியாகிவிடும். பருவத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்கி, பருவம் முடிகையில் பேரலும் முடிகிற மாதிரி பாருங்கள். இரண்டாவது பேரல் என்பது பெரும்பாலும் பயத்துக்கு வாங்குவது. அது மூலையில் பாதி காலியாக நின்று வேர்த்துக்கொண்டிருக்கும், அடுத்த பருவத்தில் அதை என்னிடம்தான் கொண்டுவருவீர்கள்.

பேரலை நிற்கவைக்காதீர்கள், படுக்கவையுங்கள். இரும்புக் கோணத்தில் ஒரு ஸ்டாண்டு அடித்து, பெரிய மூடி கீழேயும் சின்ன மூடி மேலேயும் வருகிற மாதிரி கிடத்துங்கள். கீழ் மூடியில் குழாய், மேல் மூடியில் காற்று போக வலைபோட்ட, மழை புகாத சுவாச மூடி. முக்கியமானது சரிவு. குழாய் இருக்கிற முகம் ஒரு விரற்கடை உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கடைசிச் சொட்டுவரை வர வேண்டும் என்ற ஆசையில். அந்தக் கடைசிச் சொட்டு டீசலாக இருக்காது. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் தண்ணீரும் கசடும் அங்கே போய் உட்காரும், குழாயில் தெளிந்தது மட்டும் வரும். பேரல் தீர்ந்ததும் பின்னால் மிச்சமிருக்கும் சில லிட்டரைத் தனியாக ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இறக்கிப் பாருங்கள். அடியில் கோடு பிரிந்து தெரிந்தால் எதற்காகச் சொன்னேன் என்று புரியும்.

புது டீசலை ஊற்றியவுடன் பிடிக்காதீர்கள், ஒரு ராத்திரி தெளிய விடுங்கள். டிராக்டர் டேங்கைச் சாயங்காலம் வேலை முடிந்ததும் நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். ராத்திரி முழுக்க டேங்க் நிறைந்திருந்தால் வேர்க்க இடம் இல்லை. காலையில் ஃபில்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி ஒரு சொட்டு பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வெளியே வெயிலில்தான் வைக்க முடியும் என்றால் பேரலுக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள், மேலே ஒரு தகரக் கூரை போடுங்கள். சூடும் குளிரும் எவ்வளவு குறைவாக மாறுகிறதோ அவ்வளவு குறைவாக அது மூச்சு வாங்கும்.

ஏற்றி வருவதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். தீக்குச்சிக் கதைக்கும் அவர்களே பதில் சொல்லட்டும்.

பதில்: ஏர்முனை

பயமுறுத்துகிறீர்கள் ஐயா. எங்கள் பேரல் இன்னும் மரத்தடியில்தான் நிற்கிறது. ஆனால் மூடியில் தண்ணீர் தேங்குவது உண்மைதான், மழைக்கு அப்புறம் பார்த்திருக்கிறேன். நிற்கவைத்தே ஆக வேண்டும் என்றால் வழி உண்டா? படுக்கவைக்க ஸ்டாண்டுக்கு இடம் இல்லை.

பதில்: நாசில் பட்டறை

உண்டு. அடியில் ஒரு பக்கம் செங்கல்லோ கட்டையோ கொடுத்துச் சாய்த்துவிடுங்கள். எந்தத் திசையில் என்பதுதான் விஷயம். தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த இடத்தில் இரண்டு மூடியும் வரக் கூடாது. இரண்டு மூடியையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்குக் குறுக்காகச் சாய்வு இருக்க வேண்டும். தண்ணீர் ஒருபக்க விளிம்பில் தேங்கும், மூடிகள் வெளியே தெரியும். கைப்பம்பின் உறிஞ்சுகுழாயை அடித்தட்டைத் தொடவிடாமல் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடுங்கள். உறைபோட்டு மூடுவதும் நல்லதுதான், ஆனால் பேரலோடு ஒட்டிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளே தங்கும்.

பதில்: பழைய டேங்கர் ஓட்டி

ஏற்றி இறக்குவது என் தொழிலாக இருந்ததால் இரண்டு வார்த்தை சொல்கிறேன். இப்போது ஓட்டுவதில்லை, ஓய்வு.

தீக்குச்சி விஷயம். ஆறிய டீசலில் தீக்குச்சி அணைவது உண்மைதான். டீசல் ஆவி பற்றிக்கொள்ள 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், தரத்துக்குத் தரம் இது மாறும், சில இடத்து டீசலுக்கு இதைவிடக் குறைவு. பெட்ரோலுக்கோ உறைநிலைக்கும் 40 டிகிரி கீழேயே ஆவி தயாராக இருக்கும். அந்த வித்தியாசம் பெரிதுதான். ஆனால் உங்கள் பக்கத்து வயல்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. டீசல் சூடான இரும்பில் பட்டால் தீப்பொறியே தேவையில்லை. 250 டிகிரி சுமாருக்குச் சூடான பரப்பில் தானாகப் பற்றும், வேலை செய்கிற டிராக்டரின் புகைக்குழாய் அதைவிடச் சூடு. ஓட்டை விழுந்த பைப்பிலிருந்து மெல்லிய தூறலாக அதன்மேல் தெளித்தால் கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். துணியிலோ வைக்கோலிலோ ஊறினாலும் திரி மாதிரி நின்று எரியும். அதனால் ஓடி நின்ற சூட்டோடு டேங்கில் ஊற்றாதீர்கள். கொஞ்சம் ஆறட்டும்.

இதைவிட முக்கியமானது, காலி பேரலைக் கேஸ் கட்டிங் வைத்து அறுக்காதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். "டீசல் பேரல்தானே, பெட்ரோல் இல்லையே" என்று துணிகிறவர்கள் அதிகம். அடியில் ஒட்டிய கொஞ்சம் டீசல் அந்தச் சூட்டில் ஆவியாகி உள்ளே நிறைந்தால் பேரலே குண்டுதான். தொட்டி செய்ய வேண்டுமென்றால் புதுத் தகட்டில் செய்யுங்கள்.

கேனைப் பற்றி. பெட்ரோல் வைத்திருந்த கேனில் டீசல் பிடிக்காதீர்கள். பலரும் கவலைப்படுவது பெட்ரோல் கலந்து இஞ்சின் கெடும் என்று. அதுவும் சரிதான். ஆனால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆபத்து வேறு. கேனுக்குள் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி தனியாக இருந்தால் பற்ற முடியாத அளவுக்கு அடர்த்தி. டீசல் உள்ளே விழ விழ அது நீர்த்து, பற்றக்கூடிய பதத்துக்கு வரும். அதே நேரத்தில் ஓடி விழுகிற டீசல் நிலைமின்சாரத்தைச் சேர்க்கும். கந்தகம் குறைத்த இன்றைய டீசலில் மின்சாரம் கசிந்து போவது இன்னும் மெதுவாக நடக்கும். டேங்கர் வேலையில் பெட்ரோல் இறக்கிய அறையில் அப்படியே டீசல் ஏற்றுவதற்குப் பயப்படுவது இதனால்தான். பங்க்கில் கேனை எப்போதும் தரையில் இறக்கிவைத்து, நாசிலின் இரும்பு கேன் வாயைத் தொட்டபடி, மெதுவாகப் பிடியுங்கள். வண்டியில் சுமை ஏற்றுகிற தட்டில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு அதன்மேல் கேனை வைத்துக்கொண்டு பிடிப்பது கூடாது. அங்கே சேர்கிற மின்சாரத்துக்கு இறங்க வழியில்லை.

நிறம் மாறாமல் பாருங்கள். பல நாடுகளில் பெட்ரோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள் கேன் என்று வழக்கம். உங்கள் இடத்தில் என்ன வழக்கமோ அதைப் பின்பற்றி, மேலே பெரிய எழுத்தில் பெயரையும் எழுதிவிடுங்கள். கொட்டகையில் பூச்சிமருந்துக் கேன், புதுவகை வண்டிகளுக்கு ஊற்றுகிற யூரியாக் கரைசல் கேன், டீசல் கேன் எல்லாம் ஒரே மாதிரி நிற்கும். யூரியாக் கரைசலில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றினால் சாவியைத் திருப்பாமல் இருப்பது ஒன்றுதான் வண்டியைக் காப்பாற்றும். குடிதண்ணீர் கேனில் டீசல் பிடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? யாராவது ஒரு குழந்தை எடுத்துக் குடித்தால் போதும்.

ஏற்றும்போது கேனை வாய்வரை நிரப்பாதீர்கள். 200 லிட்டர் டீசல் 20 டிகிரி கூடுதலாகச் சூடானாலே மூன்று லிட்டருக்கு மேல் விரியும். இருபதில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். எடைக் கணக்கும் பாருங்கள், 20 லிட்டர் கேன் சுமார் 17 கிலோ, நிறைந்த பேரல் இரும்போடு சேர்த்து 185 கிலோ அருகில். நிறைந்த பேரலை ஒருவர் உருட்டி இறக்குவது கை விரலுக்கும் கால் விரலுக்கும் ஆகாத வேலை. பேரலைக் காலியாகக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டு, கேனில் கொண்டுவந்து நிரப்புவதுதான் தனியாள் செய்கிற பண்ணைக்குச் சரி. கேன் நேராக நிற்க வேண்டும், பெல்ட் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும், ஆள் உட்காருகிற மூடிய வண்டிக்குள் வைக்கக் கூடாது. எவ்வளவுவரை அனுமதியில்லாமல் கொண்டுபோகலாம், வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு, வாங்குவதற்கு முன்னால் உங்கள் இடத்தில் விசாரித்துவிடுங்கள்.

பதில்: புது ஓட்டுநர்

எல்லோருக்கும் நன்றி. ஜி.ஐ. தொட்டியை மறந்துவிட்டேன். ஒரு பேரல், ஸ்டாண்டு, மூன்று மஞ்சள் கேன் என்று முடிவு. கைப்பம்பு வாங்கும்வரை ஹோஸை வாயால் உறிஞ்சி இறக்குகிறேன், பழக்கமாகிவிட்டது. அது பரவாயில்லைதானே? இன்னொன்று, பேரலை எங்கே வைப்பது? கொட்டகையில் வைக்கோலும் இருக்கிறது.

பதில்: பழைய டேங்கர் ஓட்டி

பரவாயில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இன்றோடு நிறுத்துங்கள் தம்பி. வயிற்றுக்குள் போனால் குமட்டலோடு போகலாம். சிரிப்பிலோ இருமலிலோ ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் அது அங்கே போய்ப் படர்ந்து நிமோனியா மாதிரி ஆக்கிவிடும், ஆள் போன கதையும் உண்டு. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தி வரும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைப்பம்பு பெரிய பொருள் ஒன்றும் இல்லை. அதை வாங்கிய பிறகு பேரலை வாங்குங்கள்.

வைக்கோல் இருக்கிற கொட்டகையில் டீசல் வேண்டாம். தள்ளி, நிழலில், வெல்டிங் செய்கிற இடத்துக்கும் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரமாக, ஒரு சின்னத் திண்ணை கட்டி வையுங்கள். சுற்றி வரப்பு மாதிரி சிமென்ட் கரை எழுப்புங்கள். குழாய் கழன்று பேரல் முழுக்கக் கொட்டினாலும் அந்தக் கரைக்குள் அடங்க வேண்டும், பேரலின் அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தால் சரியாக இருக்கும். மழைநீர் அதில் நிற்கும்தான், ஆனால் அடியில் ஓட்டை போட்டு வைத்தால் கரை கட்டியதே வீண். மேலே கூரை போடுங்கள், இல்லாவிட்டால் மழைக்கு அப்புறம் கையால் மொண்டு இறையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் உலர்பொடி அணைப்பானும் இருக்கட்டும். டீசல் தீயில் தண்ணீரை ஊற்றினால் டீசல் மிதந்து தீயைச் சுமந்துகொண்டு ஓடும். சிந்தினாலும் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளுங்கள்.

பதில்: கணக்குநோட்டு

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவர், டீசல் கணக்கு என்னிடம். அதனால் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: பேரலுக்குப் பூட்டு. குழாயில் பூட்டு மாட்டுகிற மாதிரி வகை கிடைக்கிறது. உயரத்தில் வைத்த பேரலில் ஹோஸ் மாட்டி, குழாயை மூடாமல் விட்டால் ராத்திரியோடு ராத்திரியாக முழுதும் தரைக்குப் போகும், திருட ஆளே வேண்டாம். ஹோஸின் நுனியைப் பேரலின் மேல்மட்டத்தைவிட உயரமாக ஒரு கொக்கியில் மாட்டிவிடுங்கள். குழாய் கசிந்தாலும் ஹோஸ் வழியாக இறங்காது.

அளவுகோல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற பேரல் என்றால் கணக்கு சுலபம், ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர். படுத்த பேரலில் அப்படி வராது, நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கு நிறைய, மேலும் கீழும் கொஞ்சம். அதற்கு நான் செய்த வழி, காலி பேரலில் ஒவ்வொரு 20 லிட்டர் கேனாக ஊற்றும்போதும் குச்சியை மேல் மூடி வழியாக விட்டு நனைந்த இடத்தில் கோடு கிழித்துக்கொண்டது. பேரலுக்குப் பேரல் சாய்வு மாறுவதால் இன்னொருவர் குச்சி உங்களுக்கு உதவாது. குச்சியைத் தரையில் போடாமல் துடைத்து உறையில் வையுங்கள், அதில் ஒட்டிய மண்ணும் பேரலுக்குள்தான் போகும்.

நோட்டில் தேதி, எத்தனை லிட்டர் ஊற்றியது, எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன வேலை, இவ்வளவு எழுதினால் போதும். எங்கள் வண்டி திடீரென்று மணிக்குக் கூடுதலாகக் குடிக்க ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தது ஓட்டுகிறவர் இல்லை, நோட்டுதான். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தது.

பதில்: நாசில் பட்டறை

நோட்டு போடுகிற வீட்டு வண்டி என்னிடம் அதிகம் வருவதில்லை, எனக்கு நஷ்டம்தான் அம்மா. ஆனாலும் தொடர்ந்து எழுதுங்கள்.

பதில்: புது ஓட்டுநர்

கடைசியாக ஒரு கேள்வி. பழைய பேரல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது, ஓரத்தில் கொஞ்சம் துருவும் தெரிகிறது. முன்னால் என்ன வைத்திருந்தார்கள் என்று விற்கிறவருக்கும் சரியாகத் தெரியவில்லை. சுத்தம் செய்து எடுத்துக்கொள்ளலாமா? ஆயிரம் லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி, கம்பிக்கூண்டோடு, அதுவும் ஒன்று அவரிடம் இருக்கிறது.

பதில்: நாசில் பட்டறை

முன்னால் என்ன இருந்தது என்று தெரியாத பேரலை வாங்காதீர்கள், மலிவாகக் கிடைப்பதற்கே அதுதான் காரணமாக இருக்கும். பூச்சிமருந்தோ அமிலமோ இருந்திருந்தால் நீங்கள் எவ்வளவு கழுவினாலும் மடிப்பு ஓரங்களில் தங்கும். இஞ்சின் ஆயிலோ டீசலோ மட்டும் இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த பேரல் என்றால் வாங்கலாம், அதுவும் துரு இல்லாமல் இருந்தால்.

வெள்ளைக் கூண்டுத் தொட்டிக்கும் இதே கேள்விதான், முன்னால் எந்த ரசாயனம்? அதோடு வெளிச்சம் ஊடுருவுகிற பிளாஸ்டிக்கில் டீசல் சீக்கிரம் நிறம் மாறிக் கெடும், வெயிலில் அந்தப் பிளாஸ்டிக்கும் நொறுங்கும். குழாய் அடித்தட்டிலேயே இருக்கும், அதாவது தண்ணீர்தான் முதலில் வரும். உங்கள் ஒரு வண்டிக்கு ஆயிரம் லிட்டர் எதற்கு?

டீசல் பேரல்தான் என்று உறுதியான பிறகு சுத்தம் செய்வது இப்படி. இரண்டு மூன்று லிட்டர் டீசலை உள்ளே ஊற்றி, கொஞ்சம் சுத்தமான சரளைக்கல் போட்டு, மூடியை இறுக்கி, தரையில் முன்னும் பின்னும் உருட்டுங்கள். கல் உரசி, படிந்ததைக் கிளப்பும். கவிழ்த்து வடித்துவிட்டு மறுபடி டீசலாலேயே அலசுங்கள், வருவது தெளிவாகும்வரை. கல் ஒன்றுவிடாமல் வெளியே வந்துவிட்டதா என்று ஆட்டிக் கேளுங்கள். சோப்புத் தண்ணீர் விட்டால் நன்றாகத்தான் போகும், ஆனால் அதைக் காயவைப்பது பெரும்பாடு, காய்வதற்குள் புதுத் துரு வந்துவிடும். பெட்ரோல் விட்டு அலசுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், டேங்கர்க்காரர் சொன்னதை மறுபடி படியுங்கள். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெறும் கையில் டீசல் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் வெடிக்கும், என் கையே சாட்சி.

பேரலுக்கும் டிராக்டருக்கும் நடுவே, ஹோஸின் பாதையில், தண்ணீரைப் பிடிக்கிற வகை 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். புனலில் வலை இருக்கிறதே போதாதா என்பார்கள், வலை தும்பைத்தான் பிடிக்கும். முதல் பேரல் தீர்ந்ததும் அந்த ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பேரல் நிஜமாகவே சுத்தமானதா என்று அது சொல்லிவிடும். அலசிய அழுக்கு டீசலைக் கிணற்றோரமோ வரப்போரமோ ஊற்றிவிடாமல், கழற்றிய இஞ்சின் ஆயிலைச் சேர்க்கிற கேனில் ஊற்றி மூடிவையுங்கள், பழைய ஆயில் எடுக்கிறவர்கள் வரும்போது அதோடு கொடுத்துவிடலாம்.